கடையும் கோடவுனும்: கணினியின் மெய்நிகர் நினைவகத்தை அளப்பது

கணினி மெதுவானால் ரெம் போதாது என்பது கொழும்பில் எழுதப்படாத சட்டம். வெள்ளவத்தையில் காலி வீதியோரத்துக் கடையில் கேட்டாலும், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸாவில் ஏறி இறங்கிக் கேட்டாலும், கொட்டாஞ்சேனையில் வீட்டு முன்னறையில் வைத்து மெஷின் திருத்துகிற தம்பியிடம் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "ரெம் கூட்டிப் போடுங்க நானா, சரியாகும்." அநேகமாகச் சரியாகவும் ஆகிவிடுகிறது. அதனால்தான் அந்தப் பதிலை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டபோது, 200 ரூபாய்ப் பக்கம் நின்ற டொலர் சில வாரங்களுக்குள் 300ஐத் தாண்டியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ரெம்மும் வன்தட்டும் டொலர் கொடுத்து வருகிற சாமான். ஒரு பாடசாலைக் கணினிக் கூடத்தில் இருபது பழைய மெஷின் கிடக்கிறதென்றால், அவற்றுக்கு ரெம் வாங்குவதா, வன்தட்டை மாற்றுவதா, இருக்கிறபடியே விடுவதா என்பது சபை கூடிப் பேசவேண்டிய விஷயம். பழைய மாணவர்களும் பெற்றோரும் சேர்த்துத் தந்த காசு அது. "கடைக்காரர் சொன்னார்" என்று கணக்கறிக்கையில் எழுத முடியாது. அளந்து பார்த்தோம் என்று எழுதலாம். ஆனால் எதை அளப்பது, எப்படி அளப்பது? கேட்கிறபோது லேசாகத் தெரிகிற இந்தக் கேள்வியில் உலகத்தின் பெரிய கணினி வல்லுநர்களே தங்களுக்குள் முரண்பட்டிருக்கிறார்கள்.

முதலில் சாமான் என்னவென்று பார்ப்போம். புறக்கோட்டைப் பிரதான வீதியில் ஒரு புடவைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கடைக்குள் இருப்பது நாலு ராக்கை. மிச்சச் சரக்கு முழுவதும் கொட்டாஞ்சேனைக் கோடவுனில். வாடிக்கையாளருக்கு இது தெரியாது, தெரியவும் தேவையில்லை. அவர் இலக்கத்தைச் சொல்லி ஒரு துணி கேட்கிறார். கணக்கப்பிள்ளை பேரேட்டைப் பார்க்கிறார். ராக்கையில் இருந்தால் உடனே எடுத்து விரிக்கலாம். இல்லாவிட்டால் பொடியனைக் கோடவுனுக்கு அனுப்ப வேண்டும். ராக்கை நிரம்பியிருந்தால் அங்கே இருக்கிற ஒரு கட்டைத் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் புதிய கட்டுக்கு இடம் பண்ணலாம். எந்தக் கட்டைத் திருப்பி அனுப்புவது? கணக்கப்பிள்ளையின் கெட்டித்தனம் அந்தத் தீர்மானத்தில்தான் தெரியும்.

கணினியில் ராக்கை என்பது ரெம். கோடவுன் என்பது வன்தட்டு. கட்டு என்பது பக்கம். பெரும்பாலான கணினிகளில் ஒரு பக்கம் 4096 பைட். கணக்கப்பிள்ளை என்பது கேர்னல், அதாவது பணிசெயல் முறைமையின் உள்கரு. ஒவ்வொரு செயலிக்கும் கடை முழுவதும் தனக்குத்தான் என்ற எண்ணத்தை உண்டாக்கி வைத்திருப்பது மெய்நிகர் நினைவகம். கேட்ட பக்கம் ராக்கையில் இல்லாத சந்தர்ப்பத்துக்குப் பேஜ் ஃபோல்ட் என்று பெயர். உயர்தர ஐ.சி.டி. மாணவர்கள் இந்த வரைவிலக்கணத்தைப் பாடமாக்கி எழுதுகிறார்கள். ஆனால் அவர்கள் உட்கார்ந்திருக்கிற அதே மெஷினுக்குள் அது நடந்துகொண்டிருப்பதை எண்ணிக் காட்டுகிற வகுப்புகள் குறைவு.

பேஜ் ஃபோல்ட் என்றவுடனே பிழை என்று நினைத்துவிடக் கூடாது. அதில் இரண்டு ஜாதி உண்டு. துணி கடைக்குள்ளேயே இருக்கிறது, பேரேட்டில் பதியவில்லை, அவ்வளவுதான் என்றால் அது சின்ன ஃபோல்ட். பதிந்துவிட்டுப் போய்விடலாம். பொடியன் கோடவுனுக்கு ஓடவேண்டியிருந்தால் அது பெரிய ஃபோல்ட். சின்னது ஒரு செக்கனுக்கு ஆயிரக்கணக்கில் நடந்தாலும் நமக்கு உறைக்காது. பெரியது ஒரு செக்கனுக்கு நூறு நடந்தால் பழைய வன்தட்டுள்ள மெஷின் நின்றே போகும்.

ஏன் நின்று போகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ரெம்மிலிருந்து ஒரு தரவை எடுக்க ஏறத்தாழ 100 நானோ செக்கன். சுழலுகிற பழைய வன்தட்டிலிருந்து எடுக்க ஏறத்தாழ 10 மில்லி செக்கன். எஸ்.எஸ்.டி. எனப்படும் சுழலாத தட்டிலிருந்து என்றால் 100 மைக்ரோ செக்கன் அளவில். இந்த எண்கள் மனதில் பதியாது, ஆகவே பெருக்கிப் பார்ப்போம். ரெம்முக்குப் போய்வர ஒரு செக்கன் என்று வைத்தால், எஸ்.எஸ்.டி.க்குப் போய்வரப் பதினேழு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. பழைய வன்தட்டுக்கோ ஒரு நாளையும் தாண்டி ஏறத்தாழ 28 மணித்தியாலம். பொடியன் கோடவுனுக்குப் போய்விட்டு மறுநாள் திரும்புகிறான்.

இன்னொரு படி போவோம். ஒரு லட்சம் தடவை கேட்டதில் ஒரே ஒரு தடவைதான் பொருள் ராக்கையில் இல்லை என்று வைப்போம். கேட்கிறபோது அபாரமான கடையாகத் தெரிகிறது. ஆனால் அந்த ஒரு தடவையின் 10 மில்லி செக்கனை ஒரு லட்சம் தடவைக்கும் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 100 நானோ செக்கன் கூடுகிறது. சராசரி 100 இலிருந்து 200 ஆகிவிட்டது, வேகம் பாதியாகிவிட்டது. அதே ஒரு தடவை எஸ்.எஸ்.டி.யில் நடந்தால் கூடுவது ஒரு நானோ செக்கன், அதாவது நூற்றுக்கு ஒரு பங்கு. ரெம்மைத் தொடாமல் வன்தட்டை மட்டும் எஸ்.எஸ்.டி.யாக மாற்றிய பழைய மெஷின் திடீரென்று உயிர் பெற்றதுபோலத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். பேஜ் ஃபோல்ட்டின் எண்ணிக்கை குறையவில்லை, ஒவ்வொன்றின் விலை இறங்கியிருக்கிறது.

விலை, எண்ணிக்கை என்ற இரண்டையும் பிரித்து அறியாதவரைக்கும் எந்த அளவையும் நம்ப முடியாது. லாரி மெக்வோயும் கார்ல் ஸ்டெயிலினும் 1996இல் வெளியிட்ட எல்.எம்.பெஞ்ச் என்ற சோதனைத் தொகுதி ஒரு ஃபோல்ட்டின் விலையை நுணுக்கமாக அளந்து சொல்லும். நல்ல சாமான்தான். ஆனால் உங்கள் வேலையில் எத்தனை ஃபோல்ட் வரும் என்பதைப் பற்றி அது பேசாது. அந்த எண்ணிக்கை கணக்கப்பிள்ளையின் கெட்டித்தனத்தில் தங்கியிருக்கிறது. அதை அளப்பதுதான் கஷ்டம்.

இந்த ஏற்பாடு பழையது. 1962இல் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியில் ராக்கை 16,384 சொற்கள், கோடவுனாக இருந்த சுழலும் உருளையில் 98,304 சொற்கள், பக்கம் ஒன்றுக்கு 512 சொற்கள். இரண்டையும் ஒரே களஞ்சியம்போலக் காட்டிய முதல் கணினி அது. ஆனால் இந்த யோசனை எல்லோருக்கும் உடனே பிடித்துவிடவில்லை. சென்னை ஐ.ஐ.டி. 1973இல் நிறுவிய ஐ.பி.எம். 370/155ஐ எடுங்கள். அந்த மாதிரியை ஐ.பி.எம். 1970இல் அறிவித்தபோது அதில் மெய்நிகர் நினைவகம் கிடையாது. 1972 ஆகஸ்டில்தான் 370 வரிசைக்கு அதை அறிவித்தார்கள். ஏற்கெனவே 155 வாங்கியிருந்தவர்கள் மேலதிகக் காசு கொடுத்து ஒரு பெட்டியைப் பூட்டிக்கொள்ளவேண்டியிருந்தது. மெமரி கூட்டச் சொல்லிக் காசு கேட்கிற பழக்கம் யூனிட்டி பிளாஸாவில் பிறந்ததல்ல.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். ஐ.பி.எம்.மில் வேலை செய்த ஹங்கேரியரான லாஸ்லோ பெலாடி, எந்தப் பக்கத்தை வெளியேற்றுவது என்ற கேள்வியை ஆராய்ந்து 1966இல் ஒரு கட்டுரை எழுதினார். மூன்று வருடம் கழித்து, 1969இல், நெல்சன், ஷெட்லர் என்ற இருவரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட முடிவு பலரைத் திகைக்க வைத்தது. அதை நீங்களே கடதாசியில் போட்டுப் பார்க்கலாம். கணினி வேண்டாம்.

வாடிக்கையாளர்கள் கேட்கிற ஒழுங்கு இது: 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5. பன்னிரண்டு கேள்வி. கணக்கப்பிள்ளையின் விதி, முதலில் வந்த கட்டு முதலில் போகும். கடையில் மூன்று இடம் மட்டும் என்று தொடங்குங்கள். 1, 2, 3 ஆகிய மூன்றும் கோடவுனிலிருந்து வருகின்றன. 4 வருகிறபோது 1 போகிறது. அடுத்து 1 கேட்கிறார்கள், இல்லை. 2ஐ அனுப்பிவிட்டு எடுக்கிறோம். பிறகு 2 கேட்கிறார்கள், அதுவும் இப்போதுதான் போனது. இப்படியே போட்டுக்கொண்டு போனால் பன்னிரண்டில் 9 தடவை பொடியன் ஓடியிருப்பான். சரி, ஒரு ராக்கை கூட்டிப் போடுவோம். இப்போது நாலு இடம். மறுபடி எண்ணுங்கள். 10 தடவை!

இடத்தைக் கூட்டினால் ஓட்டமும் கூடுகிறது. பெலாடியின் முரண் என்று இதைச் சொல்வார்கள். "ரெம் கூட்டிப் போடுங்க" என்ற சட்டத்துக்கு இதுவே பதில் என்று நான் சொல்ல வரவில்லை. இன்றைய கேர்னல்கள் இவ்வளவு முரட்டு விதியைப் பாவிப்பதில்லை, நடைமுறையில் ரெம் கூடினால் அநேகமாக நன்மைதான். பாடம் வேறு இடத்தில் இருக்கிறது. அதே பன்னிரண்டு கேள்விக்கு இன்னொரு விதியைப் போடுங்கள்: நீண்ட நேரமாக யாரும் தொடாத கட்டு வெளியே போகவேண்டும். எல்லோரும் புத்திசாலித்தனமான விதி என்று ஒத்துக்கொள்கிற விதி இது. நாலு இடத்தில் அதற்கு 8 ஓட்டம், முந்திய விதிக்கு 10. நல்லது. ஆனால் மூன்று இடத்தில் இந்தப் புத்திசாலி விதிக்கு 10 ஓட்டம், முரட்டு விதிக்கு 9. யார் கெட்டிக்காரர்? கேள்வியின் ஒழுங்கையும் கடையின் அளவையும் சொல்லாமல் இதற்குப் பதில் இல்லை.

அடுத்து என்ன கேட்பார்கள் என்பதை முன்கூட்டியே அறிந்த ஒருவர் கணக்கப்பிள்ளையாக இருந்தால் மூன்று இடத்தில் 7 ஓட்டத்தோடும், நாலு இடத்தில் 6 ஓட்டத்தோடும் முடித்திருப்பார். அப்படியொருவர் கிடைக்கமாட்டார். ஆனாலும் அந்த எண் பிரயோசனமானது, அதற்குக் கீழே யாராலும் போக முடியாது என்று காட்டுவதால். 1966 கட்டுரையின் பெரிய கொடை இந்த அளவுகோல் என்றே நினைக்கிறேன். ஒரு விதியை இன்னொரு விதியோடு மட்டும் ஒப்பிட்டால் இரண்டும் மோசம் என்பது தெரியாமலே போய்விடும்.

1968இல் பீட்டர் டென்னிங் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தார். ஒவ்வொரு செயலிக்கும் குறிப்பிட்ட நேரத்தில் திரும்பத் திரும்பத் தேவைப்படுகிற ஒரு பக்கக் கூட்டம் உண்டு. அதை வேலைத் தொகுதி என்றார். எல்லாச் செயலிகளின் வேலைத் தொகுதிகளும் ராக்கைக்குள் அடங்கினால் கடை ஓடும். அடங்காவிட்டால் ஒருவருக்காக எடுத்த கட்டை மற்றவருக்காக அனுப்பி, உடனே திரும்ப எடுத்து, பொடியன் வீதியிலேயே நிற்பான், விற்பனை நடக்காது. இதற்குத்தான் திரேஷிங் என்று பெயர். கவனிக்க வேண்டியது, இது படிப்படியாக வராது. பத்தொன்பது தாவல் திறந்த பிரவுசர் நன்றாக ஓடும், இருபதாவதில் மெஷின் உறைந்துபோகும். ஆகவே பத்துத் தாவலில் அளந்து "பிரச்சினை இல்லை" என்று எழுதிவிட்டு வருவதில் அர்த்தமில்லை. அடங்குகிற எல்லைக்கு இரண்டு பக்கமும் அளக்க வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் சண்டை வந்தது. லினக்ஸ் என்பது யாரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய கேர்னல். உங்கள் ஆண்ட்ரொயிட் போனுக்குள்ளும் அதுதான் இருக்கிறது. அதன் 2.4 பதிப்பு 2001 ஜனவரியில் வெளிவந்தது. அதிலிருந்த நினைவகப் பகுதி பெரும்பாலும் நெதர்லாந்துக்காரரான றிக் வான் றீலின் வேலை. பாரம் ஏறினால் மெஷின் தடுமாறுகிறது என்று முறைப்பாடுகள் வந்துகொண்டிருந்தன. வன்தட்டில் ஒதுக்குகிற இடம் ரெம்மைப்போல இரண்டு மடங்காவது இருக்கவேண்டும் என்ற நிலையும் பலரை எரிச்சலூட்டியது. லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த வருடம் செப்டெம்பர் 23இல் 2.4.10ஐ வெளியிட்டபோது நினைவகப் பகுதியின் உள்ளமைப்பையே தூக்கிவிட்டு, இத்தாலிக்காரரான அண்ட்ரியா ஆர்க்காஞ்செலி எழுதியதை வைத்துவிட்டார். "நிலையானது" என்று பெயர் வைத்து வெளியிட்ட வரிசையின் நடுவில் இப்படிச் செய்யலாமா என்று கொதித்தார்கள். அலன் கொக்ஸ் தன்னுடைய பதிப்பில் றிக்கின் பகுதியையே சில காலம் வைத்துக்கொண்டார்.

இதனால் ஒரு அபூர்வமான சந்தர்ப்பம் உண்டாயிற்று. மற்ற எல்லாம் ஏறக்குறைய ஒன்று, கணக்கப்பிள்ளை மட்டும் வேறு. உலகமெங்கும் இருந்தவர்கள் தங்கள் மெஷினில் இரண்டையும் போட்டு அளந்தார்கள். அக்காலத்தில் பிரசித்தமான சோதனை, வேண்டுமென்றே ரெம்மைக் குறைத்து வைத்துக்கொண்டு கேர்னலையே பல வேலைகளாகப் பிரித்துத் தொகுப்பது. எத்தனை நிமிடம் பிடிக்கிறது என்று கடிகாரம் பார்ப்பது. அண்ட்ரியாவினது எளிமையானது, வேகமானது என்று கண்டவர்கள் பலர். ஆனால் கேர்னல் தொகுப்பது புரோகிராமர்களின் வேலை. தரவுத்தளம் நடத்துகிறவரின் பாரமும், வீட்டில் பிரவுசரோடு இருக்கிறவரின் பாரமும் அப்படியானவை அல்ல. ஒருவருக்கு மொத்த நேரம் முக்கியம், இன்னொருவருக்கு மவுஸை அசைத்தால் உடனே அசையவேண்டும் என்பது முக்கியம். சண்டை எந்த விதி நல்லது என்பதில் நடந்ததுபோலத் தெரிந்தாலும், யாருடைய வேலையை அளவுகோலாக வைப்பது என்பதில்தான் பாதி நடந்தது என்பது என் கணிப்பு. 2003 டிசம்பரில் 2.6 வந்தபோது, ராக்கையில் இருக்கிற ஒரு பக்கத்தை எந்தெந்தச் செயலி பாவிக்கிறது என்று பின்னோக்கித் தேடும் றிக்கின் முறை அதற்குள் இருந்தது. தோற்றவர் முழுதாகத் தோற்கவில்லை.

பாடசாலைக் கூடத்தில் அளக்கப்போகிறவர் விழக்கூடிய குழிகள் சில உண்டு. ஒரு செயலி இரண்டு கிகாபைட் நினைவகம் வேண்டும் என்று கேட்டால் கேர்னல் உடனே "சரி" என்றுவிடும், ஒரு பக்கத்தையும் கொடுக்காது. துண்டு எழுதிக் கொடுத்த மாதிரி. செயலி அந்த இடத்தைத் தொட்டு எழுதுகிறபோதுதான் ஒவ்வொரு பக்கமாக வந்து சேரும். ஆகவே கேட்டவுடன் கிடைத்த வேகத்தை அளந்தால் அளந்தது துண்டெழுதிய வேகத்தை.

இதைவிடப் பெரிய குழி இரண்டாவது ஓட்டம். ஒரு கோப்பை முதல் தடவை திறந்தால் வன்தட்டிலிருந்து வரும். மூடிவிட்டுத் திரும்பத் திறந்தால் ராக்கையில் மிஞ்சியிருந்த பிரதியிலிருந்து வரும். முதலில் பழைய அமைப்போடு ஒரு தடவை, பிறகு புதிய ரெம்மைப் போட்டு மூன்று தடவை ஓட்டிவிட்டு, "பாருங்க, எவ்வளவு வேகம்" என்று காட்டுவது மிகச் சுலபம். ஏமாற்றும் எண்ணம் இல்லாதவரும் இப்படித்தான் காட்டுவார். இரண்டு பக்கமும் மெஷினை அணைத்து ஏற்றிவிட்டு ஒரே தொகையான தடவை ஓட்டவேண்டும். குளிர்ந்த ஓட்டத்தையும் சூடான ஓட்டத்தையும் தனித்தனியே எழுதவேண்டும்.

"ஃப்ரீ மெமரி" என்று காட்டுகிற எண்ணைப் பார்த்துப் பயப்படுவதும் வீண். நல்ல கணக்கப்பிள்ளை ராக்கையை வெறுமையாக விடமாட்டார். எப்போதாவது கேட்கலாம் என்று பழைய கோப்புகளின் பிரதிகளால் நிரப்பி வைத்திருப்பார், வேண்டும்போது அகற்றிவிடுவார். லினக்ஸில் "அவைலபிள்" என்று தனியாகக் காட்டுகிற எண்தான் உண்மைக்குக் கிட்ட.

சராசரியும் சும்மா விடக்கூடிய ஆள் அல்ல. நூறு தடவையில் தொண்ணூற்றெட்டு தடவை உடனே திறந்து, இரண்டு தடவை முப்பது செக்கன் உறைந்தால் சராசரி அரைச் செக்கனைக் கொஞ்சம் தாண்டி நிற்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பரீட்சைக்கு விண்ணப்பப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்த பிள்ளை அந்த இரண்டு தடவையைத்தான் ஞாபகம் வைத்திருக்கும். கூகுளின் யூ ஷாவ் முன்வைத்து, 2022 டிசம்பரில் லினக்ஸ் 6.1இல் சேர்ந்த புதிய வெளியேற்ற முறைக்கு அவர்கள் கொடுத்த எண்களைப் பாருங்கள். பக்கம் வெளியேற்றுகிற பின்னணி வேலைக்குச் செலவான செயலி நேரம் 40 விழுக்காடு குறைந்தது. ஆப் திறக்கிற நேரம் 18 விழுக்காடு குறைந்தது. இந்தப் பதினெட்டைச் சராசரி என்று சொல்லாமல் நடுமதிப்பு என்று குறித்திருந்தார்கள். அளந்ததும் ஆய்வுகூட மெஷின் ஒன்றில் மட்டுமல்ல, மக்கள் கையிலிருந்த ஆண்ட்ரொயிட், குரோம் சாதனங்களிலும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த அளவு, ஃபேஸ்புக்கில் இருந்த யொஹனஸ் வைனர் எழுதி 2018 டிசம்பரில் லினக்ஸ் 4.20இல் சேர்ந்த அழுத்தக் கணக்கு. ரெம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று அது கேட்பதில்லை. கடந்த பத்து செக்கனில், ஒரு நிமிடத்தில், ஐந்து நிமிடத்தில், நினைவகத்துக்காகக் காத்துக்கொண்டு செயலிகள் கையைக் கட்டிநின்ற நேரம் நூற்றுக்கு எத்தனை என்று சொல்கிறது. கடைக்காரர் பேச்சில் சொன்னால், பொடியன் வரும்வரை விற்பனையாளர்கள் சும்மா நின்ற நேரம். அந்த எண் வேலை முழுவதும் பூச்சியத்தோடு நிற்கிற மெஷினுக்கு ரெம் வாங்கினால் காசு வீண். அதன் மெதுவுக்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

ஆகவே சபை செய்யக்கூடியது இவ்வளவு. இருபதில் ஒரு மெஷினை எடுத்து, யூ.எஸ்.பி.யிலிருந்து லினக்ஸை ஏற்றாமல், தட்டிலேயே பதித்து இயக்குங்கள், யூ.எஸ்.பி.யிலிருந்து ஓடினால் அதுவே ரெம்மைத் தின்னும், அளவு கெட்டுப்போகும். பிள்ளைகள் உண்மையில் செய்கிற வேலையை, அதாவது பிரவுசரில் இத்தனை தாவல், ஒரு ஆவணம், ஒரு பாட வீடியோ என்று, கடதாசியில் எழுதி ஒவ்வொரு தடவையும் அதே ஒழுங்கில் செய்யுங்கள். பெரிய ஃபோல்ட்டின் எண்ணிக்கை, அழுத்தக் கணக்கு, மிக மோசமான உறைவு எத்தனை செக்கன் என்ற மூன்றையும் குறியுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் காசு கேட்காத மாற்றம்: ஸெட்ரம். கோடவுனுக்கு அனுப்பாமல், கட்டைச் சுருட்டி அமுக்கி ராக்கையிலேயே ஒரு மூலையில் வைக்கிற உபாயம் அது. இந்தியரான நிதின் குப்தா கொம்ப்கேஷ் என்ற பெயரில் தொடங்கியது, 2014இல் லினக்ஸ் 3.14இல் முழு உறுப்பாகச் சேர்ந்தது, மலிவான ஆண்ட்ரொயிட் போன்கள் பலவற்றை ஓடவைப்பது. அமுக்கிப் பிரிப்பதற்குச் செயலியின் நேரம் போகும், மிகப் பழைய செயலியாக இருந்தால் அதுவும் உறைக்கும். அதனால்தான் அதையும் அளக்கவேண்டும். அடுத்து, கடையில் ஒரு எஸ்.எஸ்.டி. இரவல் கேட்டுப் பாருங்கள். அதன் பிறகு ரெம். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஐந்து ஓட்டம், நடுமதிப்பும் மோசமானதும் இரண்டும்.

ஒரு சனிக்கிழமைப் பகல் போதும். உயர்தர ஐ.சி.டி. வகுப்புப் பிள்ளைகளையே குறிப்பெழுத விடலாம். அவர்களுக்கு பெலாடியின் பன்னிரண்டு எண்ணையும் கொடுங்கள், 9உம் 10உம் தாங்களாகவே வருகிறதா என்று பார்க்கட்டும்.